பார்க்க மட்டும் அனுமதி

இது நடந்தது. எனக்கு நடந்தது. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சிறுசேரியில் ஒரு ஆபீஸின் ஐந்தாவது மாடியில், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, புளியமரம் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். பட்டப்பகலில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருக்கிறது. பேயைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் கௌரவம்கூட உண்டு, நாலு பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். என் கதையில் அந்தக் கௌரவம் கிடையாது. ஆபீஸில் யாருக்கும் இது தெரியாது. வீட்டில் பாதிதான் தெரியும்.

என் பெயர் சாராள். சொந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கம். இப்போது அம்மாவும் நானும் கூடுவாஞ்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தரும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் வேலை முழுக்க ஒரு வெப்சைட்டில் இருக்கிறது. எந்த வேலை யாரிடம், எது முடிந்தது, எது இழுத்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் அதில் போர்டு போர்டாக இருக்கும். அந்த வெப்சைட்டுக்கு நான்தான் அட்மின்.

அட்மின் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். டிக் போடுகிற வேலை. ஒருவர் ஒரு போர்டைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இன்னொருவர் பார்க்கலாம், கமெண்ட் எழுதலாம். மூன்றாவது ஆள் திருத்தலாம், ஆனால் அழிக்கக் கூடாது. நாலாவது ஆள் தேதியை மாற்றலாம், நோயாளி விவரம் இருக்கும் கட்டத்தைத் தொடக் கூடாது. இப்படி ஆளுக்கு ஆள், போர்டுக்கு போர்டு, கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாக டிக் போட வேண்டும். கண் பூத்துப் போகும்.

எனக்கு இரண்டு சீட் தள்ளி வசுமதி உட்கார்ந்திருந்தாள், நாலு வருஷமாக. உயிர்த்தோழி என்றெல்லாம் கதை விட மாட்டேன். கடலோரத்தில் இருக்கும் தன் ஊர் புதுப்பட்டினத்திலிருந்து வரும்போது நெத்திலி வறுவல் கொண்டுவருவாள், நான் வாங்கித் தின்பேன், அவ்வளவுதான் பழக்கம். ஒரு வேலையை முடித்தால் அவள் கமெண்டில் எப்போதும் ஒரே மாதிரி எழுதுவாள். ‘முடிஞ்சது. டீ குடிக்கப் போறேன்.’ வெளிநாட்டுக்காரர்களுக்கே அது பழகிப்போய், அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

செப்டம்பரில் காய்ச்சல் என்று லீவு போட்டாள். டெங்கு. திரும்பி வரவில்லை.

ஆபீஸிலிருந்து வேன் வைத்துப் புதுப்பட்டினம் போனார்கள். நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னேன். வேலை எல்லாம் ஒன்றும் இல்லை. சாவு வீட்டில் போய் என்ன பேசுவது என்று தெரியாமல் பதுங்கிக்கொண்டேன்.

அவளுக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும்தான், லட்சுமணன் என்று பெயர். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவு முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் எங்கள் மேனேஜர் கோபாலகிருஷ்ணனுக்கு போன் செய்தார். என் பெண் நாலு வருஷம் என்ன வேலை செய்தாள் என்று எனக்குத் தெரியாது, அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மேனேஜர் இளகிவிட்டார். வசுமதி எழுதியதில் ரகசியம் இல்லாதவற்றைப் பொறுக்கி ஒரு தனி போர்டில் சேர்க்கச் சொன்னார். ‘வசுமதி நினைவாக’ என்று அதற்குப் பெயர். டீமில் எல்லாரும் அவள் பெயரை டேக் செய்து, அதாவது அவள் அக்கவுண்டோடு இணைத்து, அஞ்சலியும் எழுதினோம். பெரியவருக்கு ஒரு அக்கவுண்ட் திறந்து, அந்த ஒரு போர்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். பார்க்க மட்டும்.

அவர் தினமும் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வந்து உட்காருவார் போல. திரையின் மூலையில் ‘ல’ என்று ஒரு சின்ன வட்டம் வரும். இன்னார் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு மணி நேரம் அந்த வட்டம் அசையாமல் இருக்கும்.

ஒருநாள் எனக்கே போன் செய்தார். “நானும் அதுல ஒரு வரி எழுதலாமாம்மா?”

“இல்ல சார். வெளியாளுங்க பார்க்க மட்டும்தான் முடியும். ரூல்ஸ்.”

“சரிம்மா. பரவால்ல.”

அப்படி ஒரு ரூல் கிடையாது. ஒரே ஒரு டிக். மேனேஜரிடம் கேட்க வேண்டும், அவர் எதற்கு என்பார், நான் விளக்க வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு ரூல்ஸ் என்று பெயர் வைத்தேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வசுமதி இடத்துக்கு அன்பரசி என்று ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை சேருகிறாள். வசுமதிக்கு என்னென்ன அனுமதி இருந்ததோ அதெல்லாம் அவளுக்கு அப்படியே வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாயந்திரம் மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். அறுபதுக்கு மேல் போர்டு. மறுநாள் மாமல்லபுரத்தில் என் பெரியப்பா மகள் தமிழ்ச்செல்விக்கு ரிசப்ஷன். அம்மா வீட்டிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போவது, நான் ஆபீஸிலிருந்து போவது என்று பேச்சு. சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஆபீஸுக்கு வந்தேன்.

மாடியில் நான் ஒருத்திதான். கீழே செக்யூரிட்டி மணியண்ணன். செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

ஏழு போர்டு முடித்தேன். மணி இரண்டரை ஆகியிருந்தது. இந்த வேகத்தில் போனால் மண்டபத்தில் பாயசம் கூட மிஞ்சாது. அப்போதுதான் அந்தக் குறுக்கு வழி தோன்றியது. புது அக்கவுண்ட் எதற்கு? வசுமதியின் பழைய அக்கவுண்ட் மூடித்தான் கிடக்கிறது. அதைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றிவிட்டால் எல்லா அனுமதியும் அப்படியே இருக்குமே.

திறந்தேன். ‘வசுமதி’ என்று இருந்த இடத்தில் ‘அன்பரசி’ என்று அடித்தேன். இமெயிலை மாற்றினேன். போட்டோவை நீக்கவா என்று கேட்டது. மாமல்லபுரம் கடற்கரையில் காற்றில் முடி பறக்க நின்று எடுத்த படம். நீக்கு என்றேன். சேமி.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு போர்டைத் திறந்து பார்த்தேன்.

‘அன்பரசி: முடிஞ்சது. டீ குடிக்கப் போறேன்.’

அடுத்த போர்டு. அதிலும் அன்பரசி. நாலு வருஷம் வசுமதி எழுதியது, திருத்தியது, முடித்தது எல்லாவற்றிலும் அன்பரசி. வசுமதி என்று ஒருத்தி அங்கே வேலை செய்ததற்கு அடையாளமே இல்லை. அப்போதுகூட எனக்கு உறுத்தவில்லை. போனவளுக்கு என்ன தெரியப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

பிறகு ‘வசுமதி நினைவாக’ போர்டைத் திறந்தேன்.

டேக் செய்த பெயர்களும் மாறியிருந்தன. ‘அன்பரசி, உன்னை மறக்க மாட்டோம்.’ ‘அன்பரசி, இவ்வளவு சீக்கிரம் போய்விட்டாயே.’ வரிசையாக இருபது பேர், இன்னும் வேலைக்கே சேராத ஒரு பெண்ணுக்கு அஞ்சலி செலுத்தியிருந்தார்கள்.

அப்போது திரையின் மூலையைப் பார்த்தேன்.

‘ல.’

பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பெயர் அவர் கண்ணெதிரே அழிந்திருக்கிறது.

உடனே பழைய பெயரைப் போட்டுவிடலாம் என்று அக்கவுண்டுக்கு ஓடினேன். ‘அன்பரசி’யை அழித்து ‘வசுமதி’ என்று அடித்தேன். சேமி.

‘திருத்த உங்களுக்கு அனுமதி இல்லை.’

எனக்கா? நான்தானே அட்மின்? திரும்ப அழுத்தினேன். அதே வரி. சரி, அந்த போர்டிலாவது ஒரு கமெண்ட் போடலாம், சார் தவறு நடந்துவிட்டது, சரிசெய்கிறேன் என்று எழுதலாம் என்று போனேன்.

‘எழுத உங்களுக்கு அனுமதி இல்லை. பார்க்க மட்டும்.’

யார் யாருடைய அனுமதியை மாற்றினார்கள் என்று பார்க்க ஒரு பக்கம் உண்டு. அதற்குப் போனேன். கடைசி வரி, ஒரு நிமிஷம் முந்தியது. சாராளின் அனுமதி குறைக்கப்பட்டது. மாற்றியவர்... சாராள்.

‘ல’ போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒரு வட்டம் வந்தது.

‘வ.’

அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் ஆள் இப்போது யாருமே கிடையாது. நான்தான் சற்றுமுன் அழித்தேன். வட்டத்தின் மேல் மவுஸை வைத்தேன். பெயர் வர வேண்டும். வரவில்லை. வெறும் கட்டம்.

பக்கம் வெள்ளையாகிப் போனது. ‘பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.’

அப்போது தலைக்கு மேலே விளக்கு அணைந்தது.

எங்கள் மாடியில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். சும்மா உட்கார்ந்திருந்தால் அணையும், கையை ஆட்டினால் எரியும். ஆட்டினேன். எரியவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். எரியவில்லை.

இரண்டு சீட் தள்ளி... எரிந்தது.

வசுமதி சீட்டுக்கு மேலே. பிறகு அதற்கு அடுத்த வரிசை. பிறகு அதற்கும் அடுத்தது. யாரோ அவசரமில்லாமல் நடந்து போகிற வேகத்தில், ஒவ்வொரு விளக்காக, வாசலை நோக்கி.

பீப்.

வாசல் கண்ணாடிக் கதவு ‘டொக்’ என்று திறந்து மூடும் சத்தம்.

மணி மூன்று.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. பிறகு ஓடினேன். கதவுப் பக்கத்தில் கார்டு காட்டுகிற பெட்டி. அதில் ஒரு சின்னத் திரை. அதில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

‘சாராள் – வெளியே.’

என் கார்டு என் கழுத்தில்தான் தொங்கியது. அதைக் காட்டினேன். சிவப்பு. எங்கள் கட்டடத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு கார்டு வெளியே போய்விட்டால், அது திரும்ப உள்ளே வருகிற வரை இன்னொரு முறை வெளியே போக முடியாது. ஒரே கார்டில் இரண்டு பேர் போகக் கூடாது என்பதற்காக.

இந்தக் கார்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று அந்தப் பெட்டி சொன்னது.

மொபைலை எடுத்தேன். விரலை வைத்தேன். பொருந்தவில்லை. முகத்தைக் காட்டினேன். பொருந்தவில்லை. நம்பரை அடித்தேன். தவறு என்றது.

மேஜை போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தார்.

“ஹலோ... யாரு... ஹலோ...”

“அம்மா, நான்தாம்மா. சாரா.”

“ஹலோ... ஒண்ணும் கேக்கலியே... யாருங்க?”

கத்தினேன். வைத்துவிட்டார்.

கீழே மணியண்ணனுக்கு அடித்தேன். “ஹலோ... எவன்டா அது, மூச்சு வுட்டுகினு?” வைத்துவிட்டார்.

நெருப்புப் பிடித்தால் அழுத்துகிற சிவப்புப் பொத்தான் ஒன்று சுவரில் இருக்கிறது. அழுத்தினால் கட்டடம் முழுக்க அலறும், எல்லாக் கதவும் திறக்கும். அதன் முன்னால் நின்று நான் என்ன யோசித்தேன் தெரியுமா? திங்கட்கிழமை எல்லாரும் சிரிப்பார்களே என்று. உயிர் போகிற பயத்திலும் எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது. கடைசியில் அழுத்தினேன். பலமாக அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஜன்னலுக்குப் போனேன். மழையில் கீழே ஒரு பெண் கேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். குடை இல்லை. மஞ்சள் சுடிதார்.

நான் போட்டிருந்த மஞ்சள் சுடிதார்.

இடது காலை... இழுத்து இழுத்து நடந்தாள்.

மேஜைக்கு ஓடிவந்து குனிந்து பார்த்தேன். அடியில் செருப்பு இல்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருட்டு. என் மேல் ஒரு விளக்கும் எரியவில்லை. வசுமதி சீட்டைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்.

“வசு... மன்னிச்சுக்கோ. மாத்திடறேன். என்னை வுட்ரு.”

நாற்காலி அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அங்கே அவள் இல்லை. நான் மன்னிப்புக் கேட்பதைக் கேட்க யாருமே இல்லை. பேயோடு தனியாக இருப்பதைவிட அது கொடுமையாக இருந்தது.

அழுதேன். அழுது முடித்து, முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கறுத்துக்கொண்டே வந்தது.

ஆறேகால் இருக்கும்.

பீப்.

கதவு திறந்தது. யாரும் இல்லை.

மாடி முழுக்க எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன.

பெட்டியின் திரையில்... ‘சாராள் – உள்ளே.’

கதவுக்கு வெளியே என் செருப்பு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், வீட்டு வாசலில் விடுவதைப்போல ஒழுங்காக விட்டிருந்தது. நனைந்திருந்தது. எடுத்துத் திருப்பினேன். அடியில் அப்பியிருந்தது கடல் மணல்.

பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடினேன். மணியண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாம்மா, இப்பத்தான மேல போன? அதுக்குள்ள எறங்கிட்ட?”

நிற்காமல் கேட்டைப் பார்த்து நடந்தேன்.

“மூணு மணிக்கு டீ குடிக்கப் போறேன்ட்டு போன. ஆறேகாலுக்கு வர்ற. எங்கம்மா போய்க் குட்ச்ச?”

பஸ் ஸ்டாப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் செருப்பைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனேன். ரிசப்ஷனுக்குப் போகவில்லை. அம்மா மண்டபத்திலிருந்து திரும்பியதும் கோபமாகக் கேட்டார். “பெரியப்பா எத்தினி வாட்டி கேட்டாரு தெரியுமா? போன் பண்ணி வர்லன்னு சொல்லிட்டா ஆச்சா? யாரோ பெரியவரப் பாக்கணும்னியே, யாருடி அது?”

என் மொபைலிலிருந்து அம்மாவுக்கு மூன்றரைக்கு ஒரு கால் போயிருந்தது. நாலு நிமிஷம் பேசியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். ஜெபம் செய்ய வாய் வரவில்லை.

திங்கட்கிழமை என் கார்டு வேலை செய்தது. கம்ப்யூட்டர் என்னை உள்ளே விட்டது. முதலில் வசுமதி அக்கவுண்டைத் திறந்தேன். ‘வசுமதி’ என்றே இருந்தது. போட்டோவும் இருந்தது. எல்லா போர்டிலும் அவள் பெயர் அதனதன் இடத்தில் இருந்தது. அஞ்சலிகள் அவளுக்கே திரும்பியிருந்தன. அன்பரசிக்குத் தனியாகப் புது அக்கவுண்ட். அறுபது சொச்சம் போர்டுக்கும் தனித்தனியாக டிக். எந்தக் கட்டத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது வரை பிசகில்லை. எனக்கு அவ்வளவு நேர்த்தி வராது. எல்லாவற்றிலும் மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர். நேரம், சனிக்கிழமை நாலரையிலிருந்து ஐந்துக்குள்.

அந்த நேரத்தில் நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

மேனேஜர் வந்தார். அனுமதியெல்லாம் இவ்வளவு சுத்தமாக யாரும் போட்டு அவர் பார்த்ததில்லையாம். எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். தேங்க்ஸ் சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்னும் ஒன்று மாறியிருந்தது. லட்சுமணனுக்கு இருந்த ‘பார்க்க மட்டும்’ என்பது ‘பார்க்கலாம், எழுதலாம்’ என்று ஆகியிருந்தது. நான் ரூல்ஸ் என்று சொல்லி மறுத்த அந்த ஒரு டிக். போர்டின் அடியில் அவருடைய ஒரு வரி இருந்தது.

‘வசு, டீ போட்டு வெச்சிருக்கேன். அப்பா.’

பதினோரு மணிக்கு அவரே போன் செய்தார்.

“சாராம்மா, நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்தியா? மழையில அனுப்பிட்டோமேன்னு இருந்துச்சு.”

அவர் பேசிக்கொண்டே போனார். சனிக்கிழமை மகள் பெயர் திடீரென்று காணாமல் போனதும் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்ததாம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினேனாம். வாசலிலேயே கைகூப்பி, என்னால்தான் சார் தவறு நடந்தது என்றேனாம். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் கம்ப்யூட்டரிலேயே எல்லாவற்றையும் சரிசெய்தேனாம். ஒவ்வொரு போர்டாகத் திறந்து, இது வசு செய்தது, இது எதற்கு, இதனால் யாருக்கு என்ன நன்மை என்று விளக்கினேனாம். கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தோமாம்.

“போன்ல ஒரு வார்த்தை சொல்லிருந்தாலே போதும். இந்தக் காலத்துல யாரும்மா தப்புப் பண்ணிட்டு நேர்ல வந்து சொல்றாங்க? உன்னைப் பெத்தவங்க புண்ணியம் பண்ணவங்க.”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வந்தது நான் இல்லை சார். நான் வந்திருக்க மாட்டேன். ஒரு மெயில்கூட அனுப்பியிருக்க மாட்டேன். யாரும் கவனிக்கவில்லை என்றால் அப்படியே விட்டிருப்பேன். இதெல்லாம் தொண்டை வரை வந்தது.

“பரவால்ல சார்,” என்றேன்.

“செருப்பு வாரு அறுந்து ஊக்கு குத்திருந்தியே, மாத்திட்டியா?”

“மாத்திட்டேன் சார்.”

“வர்ற சனிக்கிழமை மறந்துடாத. சாப்பாட்டுக்கு வர்றேன்னு சொல்லிருக்க.”

ஐந்து நாள் யோசித்தேன். சனிக்கிழமை நானே போய்விடுவது என்று முடிவெடுத்தேன். நேரில் போய், காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம். சாவுக்கும் போகவில்லை, அன்றைக்கும் போகவில்லை, இப்போதாவது போனேன் என்று ஆகட்டும். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, வழி விசாரித்துக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். நல்ல வெயில். தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனார். மணி ஒன்று.

கேட் திறந்தே இருந்தது. உள்ளே தட்டு வைக்கும் சத்தம். ரசம் கொதிக்கிற வாசனை. பெரியவர் சிரிக்கிறார்.

படி ஏறக் காலைத் தூக்கினேன்.

படியில் ஒரு ஜோடி செருப்பு.

இடது வாரில்... ஊக்கு.

நான் சிறுசேரிக் குப்பைத் தொட்டியில் போட்டது.

உள்ளேயிருந்து ஒரு குரல். “முடிஞ்சது. டீ குடிக்கலாமா?”

என் குரல்.

“போடறேம்மா,” என்றார் அவர்.

மணியை அடிக்கவில்லை. உள்ளே போய் நான்தான் சாராள் என்று சொன்னால், அவர் என்னை நம்பாமல் போகலாம். நம்பிவிட்டால் அது அதைவிட மோசம். அந்தச் சிரிப்பு நின்றுபோகும். சத்தம் வராமல் காலைக் கீழே வைத்து, வந்த வழியே திரும்பினேன். பஸ் ஸ்டாப் வரை யாரும் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட்டே கேட்கவில்லை.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் ஒரு மணிக்கு என் மொபைல் என் விரலை ஏற்பதை நிறுத்திவிடும். ஆறேகாலுக்குத் திரும்ப ஏற்கும். ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. மாற்றவும் முயலவில்லை. அந்த ஐந்தேகால் மணி நேரமும் வீட்டில் ஒரு மூலையில், அம்மா கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் என் நம்பர் தெரிந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். சனிக்கிழமை மத்தியானம் எனக்கு போன் செய்யாதீர்கள். எடுப்பாள். நன்றாகவே பேசுவாள்.